வியாசர்பாடி வம்சம்

கிரிம்ஸ்பி, இங்கிலாந்து
3 மார்ச் 2002

அன்புள்ள அம்மாவுக்கு யசோதரா எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? தம்பி பாரி துறைமுக வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருகிறானா, இல்லை கேரம் போர்டுக்குப் போய்விடுகிறானா?

போன ஞாயிறு கெங்கம்மா அக்கா வீட்டுக்குப் போன் செய்தபோது பாதி நேரம் நீ அழுதாய், மீதி நேரம் நான் அழுதேன். ஒரு விஷயமும் பேசவில்லை. இனிமேல் கடிதம்தான்.

இதுவும் துறைமுக ஊர்தான். காற்று திரும்பினால் காசிமேட்டு மீன் வாசனை அப்படியே வருகிறது. கண்ணை மூடினால் ராயபுரம், திறந்தால் குளிர். வேலை நன்றாகப் போகிறது.

முக்கியமான செய்தி ஒன்று. நான் இரண்டு பல்லி வளர்க்கிறேன். சிரிக்காதே. வீட்டுக்கார அம்மாவின் மகன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனான். கூட எடுத்துப்போக முடியாது, யாராவது வைத்துக்கொள்ளுங்கள் என்றான். ஒரு சாண் நீளம் இருக்கும். கண்ணுக்கு மேலே இமைமயிர் போல முள் வரிசை. அது தலையில் ஏறி முதுகு வரை இரண்டு பக்கமும் கொண்டை போல ஓடுகிறது. கண்ணுக்கு இமை கிடையாது. நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்கிறது! பசிபிக் கடலில் ஒரு தீவுதான் இதன் சொந்த ஊர். இந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்களாம். எட்டு வருஷத்துக்கு முன்பு திரும்பக் கண்டுபிடித்தார்களாம்.

பெண் பல்லி செங்கல் நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள். மிளகு என்று பெயர் வைத்தேன். ஆண் வெளிர் நிறம். அது மோர். முதல் நாள் கூண்டைத் திறந்ததும் மிளகு என் தோள்மேல் குதித்துக் கழுத்தை நக்கிப் பார்த்தது. இந்த ஊரில் தானாக வந்து என்னைத் தொட்ட முதல் உயிர் அதுதான்.

வேளைக்குச் சாப்பிடு. பாரிக்கு என் அன்பு.

உன் மகள்
யசோதரா

•

வியாசர்பாடி, சென்னை
29 மார்ச் 2002

என் தங்க மகள் யசோதராவுக்கு அம்மா பட்டம்மாள். ஜெய்பீம்.

நானும் பாரியும் சுகம். முதுகு வலி அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தைப் பாரி குழாயடியில் வைத்துப் படித்துவிட்டான். இப்போது தெரு முழுக்க இதே பேச்சு. கெங்கம்மா வந்து, "இன்னா பட்டம்மா, உன் பொண்ணு சீமைக்கிப் போயி பல்லி வளக்குதாமே? நம்ம வூட்டு செவுத்துல இல்லாத பல்லியா? தலையில வுழுந்தா கண்டமாச்சே!" என்றாள். "எங்க வூட்ல பஞ்சாங்கமே கெடையாது. அது எங்க வுழுந்தா இன்னா?" என்று கேட்டேன்.

வளர்த்துக்கொள். ஆனால் சோறு வைக்கும் இடத்தில் விடாதே.

இப்போது என் செய்தி. வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன், என் மகள் லண்டனில் நர்ஸ் என்று. லண்டன் இல்லை, கிரிம்ஸ்பி என்று நீ சொல்வாய். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. உனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் மலச்சட்டி தூக்குகிறேன். "ஆயா!" என்று குரல் கேட்டால் ஓடுகிறேன். என் மகளை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது, "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உன்னைப் பெற்ற அன்றே முடிவு செய்தேன். நர்ஸ் உடுப்பில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வார்டில் எல்லாரும் கேட்கிறார்கள்.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்.

அம்மா

•

கிரிம்ஸ்பி
14 ஜூலை 2002

அன்புள்ள அம்மா,

சுகமா? சென்னையில் நெருப்பாகக் கொளுத்தும். இங்கே வெயில் வந்தால் ஊரே கடற்கரையில் படுத்துக்கொள்கிறது.

மிளகு முட்டை போட்டாள்! ஈர மண்ணைத் தோண்டி இரண்டு முட்டை. ஒரு மாசம் கழித்து இன்னும் இரண்டு. இந்தப் பல்லிகளுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டுதான். எடுத்து ஈரமான உமிபோன்ற ஒரு பொருளில் புதைத்து, டப்பாவை என் துணி அலமாரியில் வைத்தேன். எழுபத்திரண்டு நாள். தினமும் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பார்ப்பேன். போன செவ்வாய்க்கிழமை திறந்தால், உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று என்னை அண்ணாந்து பார்க்கிறது. அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கார அம்மா தூங்கிவிட்டார். அதனால் மிளகிடமே சொன்னேன்.

முட்டை போடும் பெண்ணுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கை கால் நடுங்கி விழுந்துவிடும். வாயைத் திறந்து மேலண்ணத்தில் வெள்ளைப் பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீ முன்பு இருந்த பிரசவ வார்டில் கால்சியம் மாத்திரை கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதை மறப்பேனா?

போட்டோ அனுப்பியிருக்கிறேன். இடது பக்கம் மிளகு, என் கையில் இருப்பது குட்டி.

அன்புடன்
யசோதரா

•

வியாசர்பாடி
8 ஆகஸ்ட் 2002

அன்பு மகளுக்கு,

வீட்டில் அனைவரும் சுகம். பாரிக்கு நிரந்தரம் ஆகும்போல் இருக்கிறது.

கவரைப் பிரிக்கும்போது வெள்ளை உடுப்பில் நீ இருப்பாய் என்று நினைத்தேன். பல்லி இருந்தது. பரவாயில்லை, உன் விரல் தெரிகிறது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாய்.

அந்தப் போட்டோவை வார்டுக்கு எடுத்துப்போனேன். ஒருத்தி அருவருப்பாகப் பார்த்தாள். "அதுக்கு கண்ணு மேல முடி கீது பாரு, மை தீட்டுன மாதிரி. உனுக்குக்கூட இல்ல" என்றேன். சிரித்துவிட்டாள்.

பின்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அத்தாவுல்லா பாயை உனக்கு நினைவிருக்கும். பந்தயப் புறா வளர்ப்பவர். போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "யக்கா, உன் பொண்ணாண்ட சொல்லு. ஒரு நோட்டு போட்டு எழுதி வெக்கச் சொல்லு. யாருக்கு யாரு பொறந்தது, என்னைக்கிப் பொறந்தது, நெறம் இன்னா, எல்லாம். மனசுல கீதுன்னு நெனச்சிக்கினு வுட்டா ரெண்டு வருசத்துல எல்லாம் கலீஜ் ஆயிடும்" என்றார். அவர் அறுநூறு புறாவுக்கு எழுதி வைத்திருக்கிறாராம்.

உடுப்பில் ஒரு போட்டோ. மறக்காதே.

அம்மா

•

கிரிம்ஸ்பி
20 ஜனவரி 2003

அன்புள்ள அம்மா,

தாமதத்துக்கு மன்னிப்பு. பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது. நீ நலம்தானே?

பாய் சொன்னபடி நோட்டுப் போட்டுவிட்டேன். போன வருஷம் மொத்தம் ஒன்பது குட்டிகள், ஒரு முட்டை மட்டும் பொரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். பிறந்த தேதி, எடை, நிறம், புள்ளி எத்தனை. பிறந்தபோது எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. மாசம் ஏற ஏற நிறம் பிரிகிறது. ஆறு குட்டிகளுக்கு நல்ல வீடு பார்த்துக் கொடுத்தேன். மூன்றை வைத்துக்கொண்டேன். அதில் ஒருத்தி ரோஜா. அம்மா, அவளை நீ பார்க்க வேண்டும்! மிளகாய்த்தூள் சிவப்பு, அதில் மிளகை அள்ளித் தெளித்ததுபோலப் புள்ளி. நேற்று வரை எண்பத்தொன்று எண்ணினேன். இந்தப் பக்கம் பல்லி வளர்ப்பவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களிலேயே இப்படி ஒன்று யாரிடமும் இல்லை. நான் சேர்த்துவிட்ட ஜோடியில் பிறந்தவள் அவள். இந்த ஊருக்கு வந்து என் கையால் நடந்த ஒரு காரியம்.

என்னோடு படித்த ஜெரினா ஆகஸ்டில் ஊருக்கு வருகிறாள். அவள் வேறு ஊரில் வேலை செய்கிறாள். உனக்கு ஸ்வெட்டர் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்கு நேரம் இருக்காது, நிறைய கேள்வி கேட்டு உட்கார வைக்காதே.

உடுப்பு போட்டோ பிறகு அனுப்புகிறேன்.

உன்
யசோதரா

•

வியாசர்பாடி
2 செப்டம்பர் 2003

மகள் யசோதராவுக்கு,

சுகம். ஜெரினா வந்தாள். ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது.

பாரி நலம். மழை இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எதையாவது தூக்கும்போது இடுப்பை வளைக்காதே. முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கு. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால்தான் இந்த முதுகு.

அம்மா

•

கிரிம்ஸ்பி
11 ஜனவரி 2004

அன்புள்ள அம்மா,

செப்டம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நான் மூன்று எழுதிவிட்டேன். கெங்கம்மா அக்கா வீட்டுக்குப் போன் செய்தால் பாரி வந்து எடுத்து, "அம்மா டூட்டிக்குப் போய்க்கீதுக்கா" என்கிறான். எப்போது செய்தாலும் அதையே சொல்கிறான். உடம்புக்கு ஏதாவதா? என்மேல் கோபமா?

இங்கே எனக்கும் மனசு சரியில்லை. ரோஜா முழுசாக வளர்ந்துவிட்டாள். போன வாரம் பழக்கூழ் நக்கும்போது கவனித்தேன். கீழ்த்தாடை இடது பக்கமாகக் கொஞ்சம் கோணியிருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அவள் கூடப் பிறந்த இன்னொன்றுக்கும் அப்படியே. ஆஸ்திரேலியாவுக்குப் போன பையனுக்கு எழுதிக் கேட்டேன். மிளகும் மோரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாம். அண்ணன் தங்கை. தெரியாமல் ஜோடி சேர்த்திருக்கிறேன்.

ரோஜாவுக்கு வயசு வந்துவிட்டது. அவளை அவள் தம்பியோடு சேர்த்தால் புள்ளி இன்னும் கூடும் என்று சங்கத்தில் ஒருவர் சொல்கிறார். வேண்டாம் என்று மனசு சொல்கிறது. பாயிடம் கேட்டு எழுதுகிறாயா? அவரிடம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு வரியாவது எழுது.

யசோதரா

•

வியாசர்பாடி
9 பிப்ரவரி 2004

அன்பு மகள் யசோதராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை, எழுந்துவிட்டேன். இப்படி நாலைந்து தடவை. இப்போது எழுதுகிறேன்.

பாயின் பட்டறைக்குப் போய் உன் கடிதத்தைப் படித்துக்காட்டினேன். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "அண்ணன் தங்கச்சிய ஜோடி போட்டா மொத ஈத்து ஜோரா வரும்க்கா. எல்லாரும் கை தட்டுவான். அப்பால கழுத்து நிக்காது, றெக்க தூக்காது. அந்தப் பொண்ண வெச்சிக்கச் சொல்லு, சோறு போட்டு ராணி மாதிரி வெச்சிக்கச் சொல்லு. ஜோடி மட்டும் சேக்க வேணாம். நல்லா கீற கொயந்திக்கி வெளி ரத்தம் கொண்டாரச் சொல்லு. புள்ளி கொறையும். கொறஞ்சா கொறையட்டும், நாலு வருசத்துல திரும்ப வரும்" என்றார். அவரும் ஒரு தடவை அழகான புறா ஒன்றை அப்படி ஒதுக்கி வைத்தாராம். சொல்லிவிட்டு என்னை மாடிக்குக் கூட்டிப்போனார்.

மொட்டை மாடியில் இரண்டு புறாவைக் காட்டினார். எது அப்பன், எது மகன் என்று நானே கண்டுபிடித்துவிட்டேன், நடையைப் பார்த்து.

எனக்கு இந்தப் பல்லி விஷயம் இப்போது புரிகிறது. இன்னும் எழுது. அந்த ரோஜா சாப்பிட முடிகிறதா? அதை எழுதவில்லையே நீ.

விழுந்த மணிக்கட்டு குளிருக்கு வலிக்கும், எண்ணெய் தேய்.

அம்மா

•

கிரிம்ஸ்பி
27 ஜூன் 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் பாரியும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

ரோஜா நன்றாகச் சாப்பிடுகிறாள். ரோஜாவின் தங்கை ஒருத்திக்குத் தாடை நேராக இருக்கிறது. அவளுக்கு வெளி ரத்தம் தேடினேன். லீட்ஸ் என்ற ஊரில் ஒரு தபால்காரரிடம் உறவே இல்லாத ஆண் ஒன்று இருந்தது. நிறம் சுமார், எலும்பு உறுதி. வாங்கி வந்து சேர்த்தேன். நாலு முட்டை என் அலமாரியில் இருக்கின்றன.

போன ஞாயிறு சங்கத்தின் கண்காட்சி, ஒரு பள்ளிக்கூட ஹாலில். ரோஜாவைக் கொண்டுபோனேன், பார்வைக்கு மட்டும். மேஜையைச் சுற்றிக் கூட்டம் அம்மா! ஒருவர் குனிந்தவர் நிமிரவேயில்லை. ஹாலந்திலிருந்து வந்தவராம், இந்தப் பல்லியில் பெரிய கை. "இவளை எனக்குக் கொடுங்கள். என்னிடம் இருப்பதிலேயே நல்ல ஜோடியைத் தருகிறேன்" என்றார்.

"இவள் இனப்பெருக்கத்துக்கு ஆகாது. தாடை கோணல்" என்றேன்.

அவர் உற்றுப் பார்த்தார். "யாருக்கும் தெரியாது."

"குட்டிகளுக்குத் தெரியும்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோஜாவைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் திருப்பி எல்லாருக்கும் காட்டினேன். இதோ பாருங்கள், இது என் கவனக்குறைவு, இவள் அப்பா அம்மா உடன்பிறந்தவர்கள், என் நோட்டில் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லி முடித்தபின் உடம்பே லேசாகிவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த லேசு போய்விட்டது. முன்பின் தெரியாத ஆட்களிடம் ஒரு பல்லியின் தாடையைப் பற்றி உண்மை சொல்ல முடிந்தது. உன்னிடம் மூன்று வருஷமாக முடியவில்லை.

நான் நர்ஸ் இல்லை அம்மா. ஏஜெண்ட் சொன்ன ஆஸ்பத்திரி இடம் நான் வந்து இறங்கியபோதே இல்லை என்றாகிவிட்டது. இங்கே பதிவு செய்ய ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இடம் வேண்டும். இரண்டு தடவை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளாக இருக்கிறேன். குளிப்பாட்டுகிறேன், துணி மாற்றுகிறேன், மலச்சட்டி எடுக்கிறேன். நீ எனக்கு எது வேண்டாம் என்று நினைத்தாயோ அதே வேலை. வெள்ளை உடுப்பு என்னிடம் இல்லை. அதனால்தான் பல்லி போட்டோவாக அனுப்பினேன்.

என்னைத் திட்டு. ஆனால் எழுது.

யசோதரா

•

வியாசர்பாடி
18 ஜூலை 2004

யசோதராவுக்கு,

நான் சுகம். நீ அழுதுகொண்டு சாப்பிடாமல் இருந்தால் முதலில் எழுந்து சாப்பிடு. பிறகு படி.

எனக்குப் போன வருஷம் ஆகஸ்டிலேயே தெரியும். ஜெரினாவிடம் நான் அதிகம் கேட்கவில்லை. ஒரே கேள்விதான். "உன் தோஸ்து வார்டுல எத்தினி பெட்டும்மா?" அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அது ஆஸ்பத்திரி இல்லம்மா" என்றாள். பாவம், அவள்மேல் கோபப்படாதே. நான் பிடுங்கினேன், சொல்லிவிட்டாள்.

மறுநாள் டூட்டியில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. என் மகளும் இந்த நேரத்தில் யாரோ ஒருவருக்கு இதையே செய்துகொண்டிருப்பாள் என்று தோன்றியது. அந்தப் பெரியவர், "இன்னாம்மா, தண்ணி சூடா கீதா?" என்று என்னைக் கேட்டார்.

ஐந்து மாசம் உனக்கு எழுதாமல் இருந்தேனே, ஏன் தெரியுமா? நீ பொய் சொன்னதற்காக இல்லை. ஏஜெண்ட் ஏமாற்றினால் நீ என்ன செய்வாய். ஆனால் வாய் திறந்து சொல்ல முடியாத அளவுக்கு அந்த வேலை உனக்குக் கேவலமாகப் போய்விட்டதா? நீ வெட்கப்பட்டது உன் வேலைக்கு இல்லையடி, என் வேலைக்கு. இருபத்தெட்டு வருஷம் நான் செய்த வேலைக்கு. அதுதான் குத்தியது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்த வெட்கத்தை உனக்கு ஊட்டியது யார்? நான்தான். சோறு ஊட்டும்போதே, "என் மாரி ஆயிடாதே, என் மாரி ஆயிடாதே" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினேன். நீ என்ன செய்வாய்.

ஹாலந்துக்காரரிடம் சொன்னாயே ஒரு பதில், அதைப் பாரியை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். பாயிடமும் சொன்னேன். தொழில் செய்பவன் பேச்சு அது என்றார்.

உன்னைத் திட்டி முடித்துவிட்டேன். இப்போது கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. உன்னைவிடக் கனமான ஆளை எப்படிப் புரட்டுகிறாய்? படுக்கைப்புண் வராமல் இருக்க என்ன செய்கிறார்கள்? உடம்பைத் துடைக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேசுகிறாயா?

அம்மா

•

கிரிம்ஸ்பி
5 செப்டம்பர் 2004

என் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் முழுசாகப் படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது நின்றுகொண்டு படித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். இங்கே ஆளைத் தூக்க ஒரு எந்திரம் இருக்கிறது, பாதி நாள் ரிப்பேர். அப்போது நீ எழுதிய மாதிரி முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறோம். என் பொறுப்பில் பதினொரு பேர். மூன்று வருஷத்தில் ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். சின்ன வயசில் லீவு நாளில் உன்னோடு வார்டுக்கு வரும்போது நீ அப்படித்தான் பேசுவாய். வேறு மாதிரி எனக்குத் தெரியாது.

நான் உன் வேலைக்கு வெட்கப்பட்டேன் என்பது உண்மை. இல்லை என்று எழுதி மறுபடி ஒரு பொய் சொல்லமாட்டேன். இப்போது இல்லை அம்மா.

இன்னொன்று. கண்காட்சி முடிந்த பிறகு சங்கத்தின் செயலாளர், ஹோல்ட் என்ற அம்மா, என் வீட்டுக்கே வந்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். "இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதிவைத்து நான் பார்த்ததில்லை. உங்கள் குட்டிகளை நம்பி வாங்கலாம் என்று எல்லாரும் பேசுகிறார்கள். இந்த வம்சத்துக்கு ஒரு பெயர் வையுங்கள், எங்கள் இதழில் போடுகிறோம்" என்றார். இங்கே வழக்கமாக வளர்ப்பவர் பெயரையோ ஊர்ப் பெயரையோதான் வைப்பார்கள்.

"உங்கள் ஊர் எது?" என்று கேட்டார்.

"சென்னை" என்றேன். "சென்னையில்?" என்றார்.

உனக்கு நினைவிருக்கிறதா, நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது முகவரியில் பெரம்பூர் என்று எழுதச் சொன்னார்கள். நம் ஏரியா பெயரைப் பார்த்தால் இன்டர்வியூவில் முகம் மாறும் என்றார்கள். எழுதினேன். ஹாஸ்டலிலும் பெரம்பூர் என்றே சொன்னேன். அன்று அந்த அம்மா கேட்டபோதும் நாக்கு நுனியில் பெரம்பூர்தான் வந்தது. விழுங்கிவிட்டு, "வியாசர்பாடி" என்றேன்.

எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதிக்கொண்டார். இரண்டு எழுத்தைத் தப்பாக எழுதினார், அடித்துத் திருத்தச் சொன்னேன். இப்போது தபால்காரரிலிருந்து ஹாலந்துக்காரர் வரை கடிதம் போட்டு, வியாசர்பாடிக் குட்டி இருக்கிறதா, எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்கள். இரண்டு வருஷத்துக்குக் கிடையாது, இன்னும் எலும்பைப் பார்க்க வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.

நாலு முட்டையும் பொரிந்தன. நாலுக்கும் தாடை நேர். மூன்றுக்குப் புள்ளி குறைவாகத்தான் வரும்போல் இருக்கிறது. நாலாவதில் இப்போதே ரோஜாவின் சிவப்பு லேசாகத் தெரிகிறது. இதழும் போட்டோவும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஜனவரியில் மறுபடி பயிற்சிக்கு விண்ணப்பம் போடுகிறேன்.

உன் மகள்
யசோதரா

•

வியாசர்பாடி
3 அக்டோபர் 2004

என் மகள் யசோதராவுக்கு அம்மா பட்டம்மாள் எழுதும் சந்தோஷமான கடிதம். ஜெய்பீம்.

எல்லாரும் சுகம். பாரிக்கு நிரந்தரம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த வாரம் தெருவில் அவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதழைப் பாரி எழுத்துக் கூட்டிப் படித்தான். நம் ஏரியா பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, விரலை வைத்து எனக்குக் காட்டினான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையின் வடிவம் இப்போது தெரியும். பஸ் போர்டில்கூடக் கண்டுபிடித்துவிடுகிறேன்.

அத்தாவுல்லா பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "யக்கா, பேப்பர்ல வெட்டு குத்துன்னாதான் நம்ம ஏரியா பேரு வரும். சீமக்காரன் நம்ம பேரச் சொல்லி க்யூல நிக்கிறானா? இரு, இத பட்டறையில மாட்றேன்" என்றார். தரமாட்டேன் என்று பிடுங்கி வந்தேன். நகல் எடுத்துக் கொடுத்தான் பாரி. கெங்கம்மா எல்லாரிடமும், "எங்க தெரு பல்லி" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இதை வார்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பேனா? வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆயாக்கள் எல்லாரும் சுற்றி நின்று போட்டோ பார்த்துக்கொண்டிருந்தோம். வார்டு சிஸ்டர் வந்தார். இதழை வாங்கிப் படித்தார். அவருக்கு நன்றாக இங்கிலீஷ் வரும். முழுசும் படித்துவிட்டு, "இதுல உன் பொண்ணு பேரு போட்ருக்கே பட்டம்மா! லண்டன்ல எந்த ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கான்னு சொன்னே?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "நர்ஸ் இல்ல சிஸ்டர். என் வேலதான் செய்யுது. பதினோரு பேர பாத்துக்குது, மூணு வருசத்துல ஒருத்தருக்கும் படுக்கப்புண்ணு வந்ததில்ல. வூட்டுக்கு வந்து பல்லி வளக்குது. அந்தப் பல்லிக்கி எங்க ஏரியா பேரு வெச்சிக்கீது" என்றேன்.

சிஸ்டர் இதழை மூடி என் கையில் கொடுத்தார். பிறகு, "மூணு வருஷத்துல ஒருத்தருக்கும் வரலையா? எப்படி?" என்று கேட்டார். நீ எழுதியதை எல்லாம் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவதை, முகத்தைப் பார்த்துப் பேசுவதை, எந்திரம் ரிப்பேரானால் தூக்கும் விதத்தை. பிறகு இதழில் படித்த ரோஜாவைப் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. எழப் போனேன். "உக்காரு பட்டம்மா" என்றார்.

உட்கார்ந்தேன்.

பட்டம்மாள்
ஆயா, எட்டாவது வார்டு
வியாசர்பாடி